டேப்லெட் வந்தாச்சு, கூட நிற்க ஆள் யார்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கைபேசியைத் திறந்து பார்த்தால் இரண்டு வகைச் செயலிகள் இருக்கும். ஒன்று பாடம் நடத்துவதற்கு: தீக்ஷா, மணற்கேணி, யூடியூப், கணக்கு ஆசிரியராக இருந்தால் ஜியோஜீப்ரா. இன்னொன்று கணக்குக் காட்டுவதற்கு: மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, நலத்திட்டப் பொருள்கள் வந்த விவரம், மதிப்பீட்டு மதிப்பெண். காலையில் மணி அடித்ததும் முதலில் திறப்பது இரண்டாவது வகையைத்தான். அது சுற்றிச் சுற்றி நின்று, சர்வர் கிடைத்து, பதிவாகி முடிவதற்குள் முதல் பீரியடில் ஒரு பகுதி போயிருக்கும்.

இணையவழிக் கற்றல் கருவிகளைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்கு எப்படி உதவுவது என்ற பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் பெரும்பாலும் 'ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் என்றால் தயக்கம்' என்றுதான் தொடங்குகிறார்கள். ஐம்பத்தைந்து வயது ஆசிரியை ஜிபேயில் பால் காசு அனுப்புகிறார், ரயில் டிக்கெட் போடுகிறார், பேரனோடு வீடியோ காலில் பேசுகிறார். அவரிடம் போய்த் தயக்கம் என்றால் சிரிப்பார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது புரொஜெக்டர் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை.

பொருள்களுக்குக் குறைவில்லை. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, மத்திய அரசு தீக்ஷா தளத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பாடங்களின் ஓரத்தில் கியூஆர் கோடும், கணக்கு, அறிவியல் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியும் அச்சாகியிருந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதே ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப். 2023 ஜூலையில் மணற்கேணி செயலி. அப்புறம் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80 ஆயிரம் டேப்லெட்டுகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை. எட்டு ஆண்டுகளுக்குள் இவ்வளவையும் கொண்டுவந்து இறக்கியது சாதாரண வேலை இல்லை. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் 2021-22இல் மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில்தான் இணைய இணைப்பு இருந்தது. 2023-24இல் அது 53.9 விழுக்காடு. அந்தக் கணக்கில் பார்த்தால் தமிழ்நாடு வேகமாகத்தான் ஓடியிருக்கிறது.

பொருள் வாங்கி இறக்கினால் வகுப்பறை தானாக மாறும் என்று நம்பி ஓடிய நாடுகளும் உண்டு. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 319 கிராமப்புறப் பள்ளிகளில் அதை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. கணினிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் அசையவே இல்லை. பெட்டியைக் கொடுத்தவர்கள், அதை வைத்து நாளைக்கு என்ன பாடம் நடத்துவது என்பதை ஆசிரியரின் சமத்துக்கு விட்டுவிட்டார்கள்.

நாம் அப்படி விடவில்லை, பயிற்சி கொடுத்தோமே என்று சொல்லலாம். கொடுத்தோம்தான். எப்படிக் கொடுத்தோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

நம் பயிற்சி முறை படிப்படியாக இறங்கி வருவது. சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்கு. கடைசியாக, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்களுக்கு. மேலே மூன்று நாள் நடந்தது கீழே வரும்போது ஒரு நாளாகும். மேலே ஆளுக்கொரு கணினியில் செய்து பார்த்தது கீழே ஒரு திரையில் ஒருவர் செய்ய, மற்றவர்கள் பார்ப்பதாகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிற கதைதான். கருத்தாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் போன வாரம் வரை வகுப்பில் நின்றவர், அவருக்கே ஒரு தடவைதான் காட்டினார்கள்.

இறங்கி வரும் சிக்கலைத் தவிர்க்க இணையவழிப் பயிற்சி வந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய நிஷ்தா, நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டம். கொரோனா வந்ததும் 2020 அக்டோபரிலிருந்து தீக்ஷா வழியாக 18 கட்டகங்களாக நடந்தது. யாரும் பயணம் செய்ய வேண்டாம், எல்லோருக்கும் ஒரே தரம். நல்ல யோசனைதான். நடந்தது என்ன என்று எந்த ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் சொல்வார்கள்: வீடியோவை ஓடவிட்டுக் கைபேசியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுச் சமையலை முடிப்பது, கடைசி வினாடி வினாவுக்கான விடைகள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்வது, சான்றிதழைத் தரவிறக்கி எச்.எம்.முக்கு அனுப்புவது. முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி மட்டும் மேலிருந்து வந்தால், கீழிருந்து முடிப்பதுதான் நடக்கும்.

சரி, உண்மையில் ஓர் ஆசிரியருக்கு என்ன தேவைப்படுகிறது? ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல். மின்கலம், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மின்தடை, சாவி எல்லாம் வைத்து ஓம் விதியைச் செய்து காட்ட வேண்டும். பல பள்ளிகளில் பெட்டியில் இரண்டு அம்மீட்டர் இருக்கும், ஒன்றில் முள் அசையாது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தில் இதற்கென்றே ஒரு இலவசக் கருவி இருக்கிறது. திரையில் மின்கலத்தை இழுத்து வைக்கலாம், கம்பியால் இணைக்கலாம், பல்பு எரியும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் புள்ளிகள் வேகமெடுக்கும். தடையே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும்; பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், வகுப்பு இரண்டு நிமிடம் கையில் நிற்காது.

இதைப் பயிற்சியில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? இணைய முகவரி இது, இங்கே சொடுக்குங்கள், இதை இழுங்கள், இதுதான் பல்பு. பத்து நிமிடத்தில் யாருக்கும் வந்துவிடும். ஆனால் பாடம் இன்னும் தொடங்கவில்லை.

இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது அதிகமாக எரியும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கணிசமான பிள்ளைகள் முதல் பல்பு என்பார்கள். மின்சாரம் முதலில் அங்கே போகிறது, கொஞ்சம் செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் அடுத்ததற்கு என்பது அவர்களின் கணக்கு. உலகம் முழுக்க இயற்பியல் ஆசிரியர்கள் சந்திக்கும் பழைய தவறு இது. கருவியின் அருமை இங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் முதலில் கேட்க வேண்டும். எல்லோரையும் நோட்டில் விடை எழுதவைக்க வேண்டும். கை தூக்கச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கையைப் போட வேண்டும். அப்புறம்தான் திரையில் இரண்டாவது பல்பை இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் எரிவதையும், இரண்டுக்கும் முன்னும் பின்னும் புள்ளிகள் ஒரே வேகத்தில் நகர்வதையும் பார்க்கும்போது 'எப்படி சார்?' என்று ஒரு குரல் வரும். பாடம் அந்த இடத்தில் தொடங்குகிறது. நேராகத் திரையைப் போட்டுக் காட்டிவிட்டால் பிள்ளைகள் படம் பார்த்த மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எப்போது காட்டுவது, எதைக் கேட்டபின் காட்டுவது, பிள்ளை எங்கே வழுக்குவான் என்கிற இந்த அறிவை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு என மூன்றையும் தனித்தனியே கொடுத்தால் போதாது, மூன்றும் சேரும் இடத்தில் வேறொரு அறிவு இருக்கிறது என்றார்கள். நம் பயிற்சிகள் தொழில்நுட்பத்தை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்கின்றன. அதுவும் தொடக்கப்பள்ளித் தமிழ் ஆசிரியைக்கும் மேல்நிலைப்பள்ளி வேதியியல் ஆசிரியருக்கும் ஒரே ஸ்லைடு.

இன்னொரு பக்கம், ரொம்பச் சின்ன விஷயங்கள். அந்த ஃபெட் கருவியைத் தனிக் கோப்பாகத் தரவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். இது தெரிந்த ஆசிரியருக்குச் சிக்னல் ஒரு பிரச்சினையே இல்லை. தெரியாதவர் வகுப்பில் மாடிப்படிக்கும் ஜன்னலுக்குமாக ஹாட்ஸ்பாட்டைத் தூக்கிக்கொண்டு அலைவார். புரொஜெக்டர் ரிமோட் எச்.எம். பீரோவில் இருக்கும், சாவி கொண்டுவந்தவர் இன்று லீவில் இருப்பார். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குத் திரை இல்லை என்றால் பிற்பகலில் சுவரில் எதுவும் தெரியாது. பாடநூலில் உள்ள கியூஆர் கோடு ஒன்றை ஸ்கேன் செய்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வெறும் பக்கத்தில் நிற்கும். இதில் ஏதாவது ஒன்று இரண்டு தடவை நடந்தால் போதும், மூன்றாவது தடவை ஆசிரியர் சாக்பீஸை எடுத்துவிடுவார். 40 நிமிடப் பீரியடில் பத்து நிமிடத்தை கேபிளுக்குக் கொடுத்துவிட்டு, பொதுத்தேர்வுக்குப் பாடத்தை யார் முடிப்பது? எனக்கு அது நியாயமான முடிவாகத்தான் படுகிறது.

இந்தச் சின்ன விஷயங்களுக்குத் தீர்வு பள்ளிக்குள் ஓர் ஆள். கேரளம் இதை முதலிலேயே பிடித்துக்கொண்டது. 2001இல் அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோதே பயிற்சி கொடுக்க வெளி நிறுவன ஆட்களை நம்பாமல், ஆசிரியர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து மாவட்டம்தோறும் முதன்மைப் பயிற்றுநர்கள் ஆக்கினார்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். கணக்கு டீச்சர் லேபில் மாட்டிக்கொண்டால் கூப்பிடு தூரத்தில் அவர் இருப்பார். கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் உரிமக் கட்டணம் மிச்சம். தங்களுக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 2017இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது. 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றங்கள் தொடங்கினார்கள். வகுப்பில் கருவி மக்கர் செய்தால் பார்க்கும் வேலையில் பிள்ளைகளும் பங்கெடுத்துக்கொண்டார்கள். 45 ஆயிரம் வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் வேலையும் 2018இல்தான் தொடங்கியது, ஆசிரியர்களைத் தயார்ப்படுத்திப் பல ஆண்டுகள் கழித்து. ஆள் முதலில், பெட்டி பின்னால்.

தமிழ்நாட்டில் வரிசை தலைகீழ். ஹைடெக் லேப் வந்தபோது பல உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆசிரியரே கிடையாது. கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்ட ஓர் ஆசிரியர் தலையில் லேப் வந்து விழுந்தது. சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை, பாடவேளையில் ஒன்று குறையவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர், திருட்டுப் பயம், ஆன்லைன் தேர்வு நடத்தும் பொறுப்பு எல்லாம் கூடின. அப்படி ஒருவர் மாறுதலில் போய்விட்டால் லேப் பூட்டோடு நிற்கும்.

பள்ளிக்கு வெளியே உதவ ஆள் இருக்கிறார், காகிதத்தில். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள், அதாவது பி.ஆர்.டி.க்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வந்து, வகுப்பில் உட்கார்ந்து, கூடவே ஒரு பாடம் எடுத்துக் காட்டி, அடுத்த வாரம் எப்படிப் போனது என்று கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். பயிற்சி நாளோடு விடாமல் வகுப்பறை வரை தொடர்ந்து வரும் இந்த மாதிரி உதவிதான் ஆசிரியரின் வழக்கத்தை மாற்றுகிறது என்பதை புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே, ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்திலேயே, சொல்லிவிட்டார்கள். நம் பி.ஆர்.டி.யின் நாள் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பு, விவரம் சேகரிப்பு, மேலிடத்துக்கு அவசர அறிக்கை என்றுதான் போகிறது. பள்ளிக்கு வந்தாலும் பதிவேடு பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. இதற்கெல்லாம் பணம் வரும் வழி சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டம். பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததால் வந்த தகராறில், அந்த வழியில் மத்திய அரசு 2024-25இல் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்திய தொகை 2,152 கோடி ரூபாய். அந்த மாதிரி ஆண்டில் முதலில் சுருங்குவது பயிற்சிதான்.

தொலைவிலிருந்தே கூட நிற்க முடியாதா என்று கேட்டால், முடியும். தென்னமெரிக்காவின் உருகுவே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தரப் போதுமான ஆசிரியர்கள் இல்லை. 2012இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாரத்தில் ஒரு வகுப்பை வேறு ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஓர் ஆங்கில ஆசிரியர் வீடியோ வழியாக எடுப்பார். மீதி வகுப்புகளில் வகுப்பாசிரியரே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு ஆசிரியர்களும் வாரம் ஒரு முறை தனியே பேசி, இந்த வாரம் எந்தப் பிள்ளை பின்தங்கினான், அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவு செய்வார்கள். அந்த வாராந்தரப் பேச்சுதான் திட்டத்தின் உயிர். வீடியோவைப் போட்டுவிட்டு ஆசிரியர் ஓரமாக நிற்கும் நம் ஸ்மார்ட் கிளாஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே திரையில் இருப்பவருக்கும் வகுப்பில் இருப்பவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும்.

இனி மறுபடியும் கணக்குக் காட்டும் செயலிகளுக்கு வருவோம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஏற்பச் சொல்லித்தரும் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று பார்க்கக் கைபேசியில் மதிப்பீடு. நோக்கம் என்னவோ, அடுத்த நாள் அவளுக்கு என்ன சொல்லித்தருவது என்று ஆசிரியைக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். ஒரே நேரத்தில் மாநிலம் முழுக்கப் பதிவேற்றும்போது செயலி நின்றது. மாலையில் வீட்டிலிருந்து, இரவு பத்து மணிக்கு மேல் என்று வேலை நீண்டது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில், ஒருவர் கைபேசியோடு உட்கார்ந்தால் இன்னொருவர் மொத்தப் பள்ளியையும் பார்க்க வேண்டும். கற்பிக்க வந்த கருவி கண்காணிக்க வந்ததாகத் தெரிந்தால், அடுத்து வரும் எந்தச் செயலியையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராட்டம் அறிவித்தபோது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று எமிஸ், அதாவது பள்ளி விவரங்களை இணையத்தில் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுதலை. பேச்சுவார்த்தையில், வருகைப் பதிவு தவிர மற்றதைக் குறைப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடிய சங்கங்கள் ஒரு செயலிக்காகப் போராடியதைக் கல்வித்துறை சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செலவு யாருடையது என்ற கேள்வியும் இதோடு ஒட்டியது. டேப்லெட் வரும்வரை எல்லாமே ஆசிரியரின் சொந்தக் கைபேசி, சொந்த ரீசார்ஜ். கொரோனா காலத்தில் இலங்கையிலும் இதே நிலைதான். தமிழிலும் பாடங்கள் கொண்ட ஈ-தக்சலாவ தளம் அரசிடம் இருந்தது, ஆனால் அன்றாட வகுப்பு ஆசிரியர்களின் சொந்தச் செலவில் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியபோது அவர்கள் நிறுத்தியது இணையவழிக் கற்பித்தலைத்தான். அக்டோபர் வரை அது நீண்டது.

கொரோனா முடிந்து பள்ளி திறக்கும் நேரத்தில், விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு எடுத்த பெரிய நடவடிக்கை இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபரில் தொடங்கிய அதில் அரசு இறக்கியது செயலியை அல்ல, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை. ஆள்தான் வேண்டும் என்பது கோட்டைக்கும் தெரிந்த விஷயம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. பள்ளிக்கு ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், வாரத்தில் நான்கைந்து பாடவேளையை அவருக்குக் குறைத்து, கால அட்டவணையிலேயே எழுதிக் காட்ட வேண்டும். மாறுதலில் போகுமுன் இன்னொருவருக்குக் கைமாற்ற ஒரு மாதம் வேண்டும். பி.ஆர்.டி.யின் வாரத்தில் இரண்டு நாளாவது வகுப்பறைக்கென்று ஒதுக்கி, அந்த இரண்டு நாளில் எந்த அறிக்கையும் கேட்காமல் இருக்க வேண்டும்; கடினமான பகுதி இதுதான், ஏனென்றால் அறிக்கை கேட்பவர் வேறு அறையில் இருக்கிறார். குறுவள மையக் கூட்டத்தை எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக வைக்காமல் பாடவாரியாகப் பிரிக்கலாம். அறிவியல் ஆசிரியர்கள் பத்துப் பேர், அடுத்த மாதம் வரும் ஒரே ஒரு பாடம், ஒரு கருவி. ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து தப்பான விடை சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்தக் கோப்பு ஒவ்வொருவர் பென்டிரைவிலும் ஏறியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, யார் வகுப்பில் செய்து பார்த்தீர்கள், எங்கே நின்றது என்பதாக இருக்கட்டும். அங்கே வருகைப் பதிவுக்குக் கையெழுத்து மட்டும் போதும், புகைப்படம் எடுத்துக் குழுவில் போட வேண்டாம்.